மதில் மேல் வைத்த சோறு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தார் இந்த வருஷம் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். கீழே புல்தரை ஓரத்தில், பாறாங்கல் மாதிரியே பிளாஸ்டிக்கில் செய்த ஸ்பீக்கர்களை வைத்து, காலையில் நடப்பவர்களுக்காகப் பறவைச் சத்தம் போடுகிறார்கள். ஆமாம், ரேடியோவில் பாட்டுப் போடுகிற மாதிரி போடுகிறார்கள். முதலில் தண்ணீர் விழுகிற சத்தம், பிறகு எந்தத் தேசத்துப் பட்சியோ, பிறகு ஒரு குயில், மறுபடியும் தண்ணீர். கல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் ஏழாவது மாடியில் இருக்கிற எனக்கு அதைக் கேட்க வேண்டும் என்று தலையெழுத்து இல்லை. முழங்கால் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், அதனால் செக்கு மாடு மாதிரி அந்தக் கற்களைச் சுற்றி வருகிறேன். போன வாரம் ஒரு கல்லின் பக்கத்தில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு தோயேல் பாடியது. நிஜமான தோயேல் குரல், எங்கோ பதிவு செய்திருக்கிறார்கள். நான் நாடாவை விட்டுவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் ஓடி வந்து, மயக்கமா என்று கேட்டான். ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்வது.

தோயேலை உங்களுக்கும் தெரிந்திருக்கும். குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பும் வெள்ளையும், வாலை நிமிர்த்திக்கொண்டு வேலி ஓரம் தத்தித் தத்திப் போகும். தமிழில் குண்டுக்கரிச்சான் என்று பிற்பாடு ஒரு படப் புத்தகத்தில் பார்த்தேன். அதனிடம் குண்டு எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது வங்காளிப் பெயரில் தோயேல்தான். குளிர்காலம் முழுக்க ஊமை போல இருக்கும். மாசி பிறந்ததும் ஆண் பட்சி உச்சாணிக் கிளையில் ஏறிக்கொண்டு, விடிகிற நேரத்தில் சீட்டி அடிக்க ஆரம்பிக்கும். மெல்லிய குரல், ரொம்ப உயர்ந்த ஸ்தாயி, ஒருதரம் பாடினது போல் மறுதரம் பாடாது.

எங்கள் வீடு அப்போது சால்ட் லேக்கில் இருந்தது. அப்பா டெலிபோன் இலாகாவில் இன்ஜினியர். எங்கெங்கோ மாற்றலாகிச் சுற்றிவிட்டு கல்கத்தாவில் வந்து நின்றவர், இனி நகர மாட்டேன் என்று அங்கே மனை வாங்கினார். கல்கத்தாக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். சதுப்பு நிலத்தை ஆற்று மணல் போட்டு நிரப்பிய இடம், மண்வெட்டி போட்டால் சிப்பி வரும். அம்மா நட்ட முதல் துளசி கருகிற்று, இரண்டாவதும் கருகிற்று. அப்பா வண்டி வண்டியாகக் கருமண் கொண்டுவந்து கொட்டினார். "மாப்பிள்ளைக்குச் சீர் வைக்கற மாதிரி இந்த மண்ணுக்கு வெச்சிண்டே இருக்கார்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். ஆனால் அந்த மண் நன்றி மறக்கவில்லை. கொஞ்ச வருஷத்தில் வாசலில் பலாஷ், அதுதான் நம் புரச மரம், இலையெல்லாம் கொட்டிவிட்டு நெருப்பாகப் பூத்து நின்றது. கொல்லையில் முருங்கை, நந்தியாவட்டை, பவழமல்லி. மதில் முழுக்க ரங்கூன் மல்லிக் கொடி.

அந்தக் கொடியைக் கிளை ஒடித்துக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு மாஷிமா. மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. அந்த ஊரில் அடுத்த வீட்டு அம்மாளை வேறு எப்படியும் கூப்பிட முடியாது. அவளுக்கும் அம்மாவுக்கும் வருஷா வருஷம் முருங்கை மரத்தடியில் ஒரு யுத்தம் நடக்கும். வங்காளிகளுக்கு வசந்தம் வந்தால் முருங்கைப் பூவைப் பொரியல் செய்து தின்ன வேண்டும், அம்மை வராதாம். எங்களுக்குக் காய் வேண்டும். பூவைப் பறித்துவிட்டால் சாம்பாருக்கு எங்கே போவது? மாஷிமா முறத்தோடு வந்து நிற்பாள். அம்மாவும் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள், தாழ்ந்த ஒரு கிளையைக் காட்டிவிட்டு, அவள் பறிக்கிறவரை கண்ணில் ரத்தம் வர நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். மிச்சப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். மாஷிமா வீட்டு மாம்பூ வாசனையும் முருங்கைப்பூ வாசனையும் கலந்து கொல்லைக் கதவைத் திறந்தாலே முகத்தில் அடிக்கும். எனக்கு இப்போது எதை முகர்ந்தாலும் ஃபினாயில் வாசனைதான் வருகிறது, அது வேறு விஷயம்.

பட்சிகளும் அப்படித்தான், இரண்டு பாஷையிலும் பேசும். மாங்குயில் வந்து கத்தினால் விருந்தாளி வருவார்கள் என்பாள் மாஷிமா, அவர்கள் பேச்சில் அதன் பெயருக்கே சொந்தக்காரர் என்றுதான் அர்த்தம். அம்மாவுக்கு அது வேடிக்கை. நமக்குக் காக்காய் கத்தினால்தான் விருந்தாளி. மஞ்சள் பட்டு உடுத்தின பட்சி வந்து சொன்னால் அவர்களுக்கு, கறுப்புக் காக்காய் சொன்னால் நமக்கு, எல்லாம் அவரவர் யோக்கியதை என்று சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

காக்காய் என்றால் அம்மாவுக்கு விளையாட்டில்லை. தினமும் பூஜை முடிந்ததும், வீட்டில் ஒருவர் வாயிலும் ஒரு பருக்கை போவதற்கு முன்னால், நெய் விட்ட சாதத்தை மதில் மேல் வைத்துவிட்டு, கா கா என்று கூப்பிடுவாள். பித்ருக்கள் காக்காய் ரூபத்தில் வருகிறார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாஷிமாவுக்குத்தான் விளங்கவில்லை. திருட்டுப் பட்சிக்கு நெய்யா என்று கேட்பாள். எங்கள் மாமனார் என்று அம்மா பதில் சொன்னதைக் கேட்டு அவள் மதிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் பாங்க்கில் சேர்ந்து கொஞ்ச நாளில், ரிட்டயரான அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயிற்று. பேச்சு குழறி, பிறகு ஒரு மாதிரி திரும்பி வந்தது. நீளமாகப் பேச மாட்டார், நாலு வார்த்தை. கொல்லைப் பக்கத்து அறையில் ஜன்னல் ஓரம் கட்டிலைப் போட்டோம். படுத்தபடி அவருக்கு ஜன்னலின் மேல் பாதிதான் தெரியும், கொஞ்சம் ஆகாசம், முருங்கை மரத்தின் நுனி. இத்தனை வருஷம் மண் சுமந்து போட்ட மனுஷனுக்குத் தோட்டத்தில் ஒரு பூகூடத் தெரியவில்லை. அம்மா பறித்துக்கொண்டுபோய்த் தலையணையில் வைப்பாள். அவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். செடியில் இருக்கிற பூவைப் பார்த்துப் பழகினவர். சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்வார். டாக்டர் எங்களைத் தனியாக அழைத்துப்போய், மருந்து பாதிதான், அவருக்கே உயிரோடு இருக்க வேண்டும் என்று தோன்ற வேண்டும் என்றார்.

அந்த மாசியில்தான் தோயேல் முருங்கை நுனியில் வந்து உட்கார்ந்தது. முதல் நாள் பாடினபோது அப்பா அம்மாவை எழுப்பி, "கேளு" என்றாராம். அன்றைக்கு இட்லி கேட்டுச் சாப்பிட்டார். அப்புறம் தினமும் அதுதான் காலட்சேபம். காதுதான் அவருக்குப் பெருமை. சர்வீஸில் இருந்தபோது ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார் என்று அவர் ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. வயசானால் மெல்லிசான மேல் சத்தம்தான் முதலில் காதை விட்டுப் போகும் என்பது அவர் கொள்கை. யாராவது பெரியவர்கள் வீட்டுக்கு வந்தால் கடிகாரத்தைக் காதோரம் பிடித்துச் சோதனை போடுவார். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு ஓடிப்போவார்கள். இப்போது அந்தக் காதுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. இன்றைக்கு இரண்டு புதுச் சங்கதி போட்டது, இன்றைக்குக் குரல் கொஞ்சம் கரகரப்பு என்று சொல்லுவார். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தாளம்கூடப் போட்டார். அம்மா எனக்கு டிபன் டப்பா கட்டும்போது, பிழைத்துவிடுவார் என்றாள்.

எனக்கு, உண்மையைச் சொன்னால், தோயேல் பாடினால் என்ன, பாடாவிட்டால் என்ன. பாங்க் இருந்த டல்ஹவுசிக்கு மினிபஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும். ஆனால் ஜோடி கூடு வைத்ததை நான்தான் முதலில் பார்த்தேன். மதிலில் ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்த பொந்து இருந்தது, ரங்கூன் மல்லி அதை மறைத்திருந்தது. அதற்குள் வேரும் சருகும் போய்க்கொண்டிருந்தன. அப்பாவிடம் சொன்னேன். அவர் கண் எப்படி ஆயிற்று என்று என்னால் எழுத முடியாது.

மாஷிமாதான் பயந்தாள். மதில் மேல் சோறு, மதிலுக்குள் கூடு, இது ஆகாது என்றாள். ஏனென்றால் அம்மா அந்தச் சமயத்தில் சோற்றை அதிகமாக்கியிருந்தாள். எங்கோ அஸ்ஸாம் எல்லையில் இருந்த காலத்தில், வாத்தியார் கிடைக்காமல் தாத்தாவின் திவசம் இரண்டு வருஷம் விட்டுப்போயிருந்ததாம். பித்ருக்களின் பசிதான் அப்பாவைப் படுக்கையில் தள்ளிவிட்டது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். நெய்ச் சாதம் போய்ப் பருப்புச் சாதம், வடை, தயிர் சாதம் என்று மதிலில் விருந்தே நடந்தது. சால்ட் லேக் காக்காய் எல்லாம் விடிந்ததும் எங்கள் மதிலில்தான். கொஞ்ச நாளைக்கு வேறு எங்காவது வையேன் என்று நானும் சொன்னேன். "அவா வயிறு குளிர்ந்தாத்தான் உங்கப்பாக்குக் கை கால் வரும். கேலி பண்ணாதே" என்றாள். நான் கேலி பண்ணவில்லை. அவளும் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தாள், காக்காய்கள் மாடிக்கு வராமல் மதிலிலேயே உட்கார்ந்து கத்தின. பழகின இலையை விட்டு யார் எழுந்திருப்பார்கள்?

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அம்மா சாதத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் படியில் இறங்கினாள், நான் வேப்பங்குச்சியோடு பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். சிறகு முளைத்தும் முளைக்காததுமாகத் தோயேல் குஞ்சுகள் அன்றுதான் முதல்முதலாகப் பொந்தைவிட்டு வெளியே வந்து மதில் மேல் ஏறி உட்கார்ந்தன. வேறு எங்கே ஏறும், அதுதான் பக்கத்தில் இருந்தது. சோற்றுக்காகக் காத்திருந்த காக்காய் வரிசை அப்படியே திரும்பிற்று. அம்மா தட்டை எறிந்துவிட்டு ஓடினாள். புடவைத் தலைப்பை வீசினாள். தாய்ப் பட்சியும் ஆண் பட்சியும் காக்காய்களின் முதுகில் விழுந்து விழுந்து கொத்தின. என்ன பிரயோசனம், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு காக்காய் மட்டும் திரும்பி வந்து, தரையில் சிதறின சோற்றையும் பொறுக்கிக்கொண்டு போயிற்று. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்பா உள்ளிருந்து என்ன சத்தம் என்று கேட்டார். பூனை என்றாள் அம்மா.

மறுநாள் தோயேல் பாடவில்லை. ஜோடி எங்கோ போய்விட்டது. காலையில் அப்பா கேட்டார், "பாடித்தா?" அம்மா காபியை ஆற்றிக்கொண்டே, "பாடித்தே. நீங்க அசந்து தூங்கிண்டிருந்தேள்" என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கும் அது சமயோசிதமாகத்தான் பட்டது. இரண்டு நாள் போனால் மறந்துவிடுவார், பட்சிகளே திரும்பி வந்தாலும் வரும் என்று நினைத்தோம். குஞ்சுகள் போன கதையைச் சொன்னால் தாங்க மாட்டார். அதைவிட, யார் வைத்த சோற்றுக்கு வந்த காக்காய் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அப்பா மறக்கிற ஆள் இல்லை. தூங்கிவிட்டோமே என்று இன்ஜினியர் மூளை வேலை செய்தது. இருட்டோடு விழித்துக்கொண்டு, கண்ணைக் கொட்டாமல் கிடக்க ஆரம்பித்தார். இனி, தூங்கினீர்கள் என்று சொல்ல முடியாது. அம்மா அடுத்த படிக்குப் போனாள். பொய் என்றால் அதற்குத்தான் எத்தனை படிகள். "இதோ, இப்பத்தான் அடுத்தாத்து மாமரத்துலேர்ந்து பாடிட்டுப் போச்சு. உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள்.

அப்பா ஜன்னல் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாளும் விழித்திருந்தார், அம்மா அதையே சொன்னாள். ஒரு வாரம் இப்படிப் போயிருக்கும். நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். என் வாட்சைக் கழற்றச் சொல்லிக் காதோரம் வைத்துக்கொண்டார். நான் கட்டியிருந்தது முள் இல்லாமல் எண் ஓடுகிற பாட்டரி வாட்ச், அது எங்கே டிக்டிக் என்று அடிக்கப்போகிறது? எனக்கு அந்த நிமிஷத்தில் அது தோன்றவே இல்லை. அவர் வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார், "குயில் கேக்கறது. மரத்துல டொக்கு டொக்குனு கத்தற பட்சி கேக்கறது. இது மட்டும் கேக்கலை. மேல் சத்தம் போயிடுத்துடா. காதும் போயிடுத்து."

பிறகு அம்மாவைப் பார்த்து, "ஜன்னலைச் சாத்திடு" என்றார்.

வெளியே பலாஷ் அப்படிப் பூத்திருந்தது. மாம்பூ உதிர்ந்து மாஷிமா வீட்டு வாசல் முழுக்கப் பொடிப் பொடியாகக் கிடந்தது. தேன்சிட்டு ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கொத்தும். அறைக்குள் அப்பா சுவரைப் பார்த்துக் கிடந்தார். நாங்கள் பேசினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. காது போய்விட்டது என்று தீர்மானித்த பிறகு, கேட்பதையும் கேட்காத மாதிரி விட்டுவிட்டார். கஞ்சியை ஸ்பூனால் உள்ளே விட்டால் கடைவாய் வழியாக வெளியே வரும்.

அம்மா அதைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் துணிந்துவிட்டாள். நான் எதிரில் இருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க காது நன்னா இருக்கு. தோயேல்தான் போயிடுத்து. குஞ்சையெல்லாம் காக்கா தூக்கிண்டு போச்சு. நான் வெச்ச சாதத்துக்கு வந்த காக்கா. நான்தான் பொய் சொன்னேன்." அவள் எந்தப் பித்ருக்களை நம்பி அவர் உயிரைக் காப்பாற்றப் பார்த்தாளோ, அந்த நம்பிக்கையையே பிடுங்கி அவர் முன்னால் போட்டாள். அம்மா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா கையை விடுவித்துக்கொண்டு, அந்தக் கையாலேயே அவள் கன்னத்தைத் துடைத்தார். "எனக்காகச் சொல்றே" என்றார்.

அவ்வளவுதான். அவர் நம்பவில்லை. பொய்யை நம்பினவர் நிஜத்தை நம்பவில்லை. நானும் சத்தியம் பண்ணினேன், பாட்டரி வாட்ச் கதையைச் சொன்னேன், மாஷிமாவை வரவழைத்துச் சொல்லச் சொன்னேன். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு தனக்கு ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்து, எங்களுக்காக ஒரு சிரிப்புச் சிரித்தார். சித்திரை பிறப்பதற்கு முன் போய்விட்டார்.

அம்மா அதோடு மதிலில் சோறு வைப்பதை நிறுத்தினாள். காக்காய்கள் ரொம்ப நாள் வந்து உட்கார்ந்து கத்திப் பார்த்தன. திரைச்சீலைக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் விரட்டுவாள், அந்தத் தெருவே பார்க்கும். முதல் வருஷத் திவசத்தன்று வாத்தியார் பிண்டத்தைக் காக்காய்க்கு வைக்கச் சொன்னார். அம்மா நகரவில்லை. "அவர் காக்காயா வர மாட்டார்" என்றாள். வாத்தியார் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தார். சாஸ்திரத்தில் அதற்குப் பதில் இல்லை போலிருக்கிறது. அம்மாவே இலையை எடுத்துக்கொண்டு போய், ரங்கூன் மல்லிக்கு அடியில், அந்தப் பொந்துக்கு நேராக வைத்தாள். தோயேல் சோறு தின்னாது, புழு பூச்சிதான் தின்னும். அது அவளுக்கும் தெரியும். சாயங்காலம் எறும்பு மொய்த்தது. ஒவ்வொரு வருஷமும் எறும்புதான் மொய்த்தது. அந்தப் பொந்தில் மறுபடி எதுவும் கூடு கட்டவில்லை.

மாஷிமா போனாள், பிறகு அம்மா போனாள். வீட்டை, இடித்து ஃபிளாட் கட்டுகிற ப்ரோமோட்டரிடம் கொடுத்துவிட்டு நான் இங்கே வந்தேன். போய்ப் பார்க்க வேண்டாம் என்று வைராக்கியமாக இருந்தவன் ஒருதரம் போய்த் தொலைத்தேன். நாலு மாடி எழும்பியிருக்கிறது. பலாஷ் இல்லை, முருங்கை இல்லை, மதிலை இடித்துவிட்டு ஷட்டர் போட்டிருக்கிறார்கள். அப்பா வண்டி வண்டியாகச் சுமந்து போட்ட கருமண் சிமெண்டுக்கு அடியில் எங்கேயோ கிடக்கும்.

இப்போது வருஷத்தில் இரண்டு திவசம் எனக்கு, இரண்டு பேருக்கும். அப்பாவுக்குக் காக்காயைக் கூப்பிடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு, அதனால் கூப்பிடுவதில்லை. அம்மாவுக்கு யாரைக் கூப்பிடுவது? காக்காயை அவளே விரட்டிவிட்டாள், தோயேல் அவளை விட்டுப் போய்விட்டது. பால்கனியில் புறாவுக்காக வலை அடித்திருக்கிறோம், எது வந்தாலும் உள்ளே நுழைய முடியாது. வாத்தியார் அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பார். என் மனைவி பிண்டத்தை இலையோடு கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று கேட்கிறாள். நான் சமையல் மேடையைக் காட்டுகிறேன். சாயங்காலம் அது மற்றக் குப்பையோடு கீழே போகிறது.